கருப்போடையைத் தாண்டிய கொர்மல்

நான் கார்ஷேடருக்கு மாப்பிள்ளையாக வந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் ஊரில் என் பெயர் ஹாரிஸ்காரன்தான். அப்பா ஆசை ஆசையாக உல்லியம் என்று வைத்த பெயர் கோவிலில்கூட ஒருவர் வாயிலும் வராது. கார்ஷேடர் இருக்கிற லூயிஸும் நான் பிறந்த ஹாரிஸும் ஒரே தீவு. நடுவில் கடல் கிடையாது, மலைதான் இருக்கிறது. ஆனாலும் அந்த மலையைத் தாண்டி வந்தவனை ஏதோ சீனாவிலிருந்து வந்து இறங்கினவன் மாதிரித்தான் பார்ப்பார்கள். இந்தப் பெயரை எனக்குச் சூட்டிய புண்ணியவதி என் மனைவி கிர்ஸ்டியின் அக்கா கொர்மல். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவளோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. அதனால் நான் கூட்டிச் சொல்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

கொர்மல் பதினாறு வயதில் ஹெர்ரிங் மீன் அறுக்கப் போனாள். மீன் கூட்டம் வடக்கே ஷெட்லாந்திலிருந்து தெற்கே இங்கிலாந்துக் கரை வரை இறங்கும். படகுகள் மீனைத் துரத்தும், எங்கள் பெண்கள் படகுகளைத் துரத்துவார்கள். மூன்று பேர் ஒரு கூட்டு. இரண்டு பேர் அறுக்க, ஒருத்தி உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவாள். கத்தி பட்ட காயத்தில் உப்பு ஏறிவிடாமலிருக்க விரலெல்லாம் துணி சுற்றிக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு நாற்பது மீன் அறுப்பாளாம். அவளே சொன்னதுதான், நான் எண்ணிப் பார்த்ததில்லை. அங்கேதான் எல்லாத் தீவுப் பெண்களும் அவளுக்குப் பழக்கம். தலைத்துணி முடிச்சை வைத்தே இவள் பாரா தீவுக் கத்தோலிக்க ஜெபமாலைக்காரி, இவள் ஊயிஸ்ட், இவள் ஸ்கால்பே என்று சொல்லிவிடுவாள். மேடை போட்டு உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள் முன்னால் வாயைத் திறக்கிற தைரியமும் அங்கேதான் வந்தது. கூலி குறைத்த முதலாளியின் கோட்டுப் பையில் மீன் குடலைப் போட்டு அனுப்பியவள் அவள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயதாகும்போது அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. கொர்மல் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஊருக்கு வந்தாள். ஒன்பது வருடம் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது கடலோரமாக ஒரு துண்டு நிலம், கல் வீடு, ஒரு மாடு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "தங்கச்சிக்கு வந்து வாய்ச்சதைப் பார்த்தேன், ஆசை விட்டுப்போச்சு" என்றாள். கிர்ஸ்டி ஏப்ரன் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாட்டின் பெயர் ப்ளாராக். நெற்றியில் வெள்ளை உள்ள மாட்டுக்கு எங்கள் பக்கம் வைக்கிற பெயர். கறுப்பு உடம்பு, குட்டைக் கால், கொர்மலுக்குச் சமமான திமிர். பாலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அதிலிருந்துதான். வருடா வருடம் விற்கிற கன்றில்தான் மாவும் தேயிலையும் வரும். ப்ளாராக் இல்லை என்றால் கொர்மல் திரும்பவும் ஏதாவது ஊருக்கு மீன் அறுக்கப் போக வேண்டியதுதான். ஐம்பதை நெருங்குகிறவளை யார் கூப்பிடப் போகிறார்கள்?

இந்த விஷயம் நடந்தது போருக்கு இரண்டு வருடம் முன்னால்.

மே மாதம் பிறந்து வயலில் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் தலை காட்டினால், ஊர் மாடுகள் ஊரில் இருக்கக் கூடாது. பெண்கள் மாடுகளோடு ஆறு மைல் உள்ளே மேட்டு நிலத்துக்குப் போய்விடுவார்கள். அதற்கு எங்கள் பேச்சில் ஆரி என்று பெயர். கருப்போடையைத் தாண்டினால் பச்சைத் திட்டு, திட்டுக்குத் திட்டு ஒரு சின்னக் கல் குடிசை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. ஆகஸ்டு வரைக்கும் அங்கேதான் பால் கறப்பது, வெண்ணெய் எடுப்பது, ஊர்வம்பு பேசுவது எல்லாம். ஆண்பிள்ளைகளுக்கு அங்கே வேலையில்லை. கூரைக்கு மரம் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். மரம் என்றால் என்னவென்று நினைத்தீர்கள். இந்தத் தீவில் மரம் முளைக்காது. கடல் ஒதுக்குகிற கட்டைதான் மரம். அதை மே மாதம் தூக்கிக்கொண்டு போய்க் கூரை போட்டு, ஆகஸ்டில் பிரித்துத் திரும்பத் தூக்கி வருவோம். பதினைந்து வருடம் கொர்மலின் கூரைக் கட்டையைச் சுமந்தது இந்தத் தோள்தான். சுமக்கும்போதெல்லாம் அவளைத் திட்டியதும் இந்த வாய்தான்.

அந்த வருடம் எஸ்டேட் கைமாறியது. புது முதலாளி மான் வேட்டைக்காரர். அவரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அவருடைய மேனேஜர் கார்ஸ்வெல்லைத்தான். மார்ச் மாதம் ஒரு வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கார்ஷேடரின் மேய்ச்சல் எல்லை கருப்போடையோடு முடிகிறது என்று அதில் சிவப்புக் கோடு. வழக்கு நில நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வரும் முன்பே அவர் ஓடையின் இந்தக் கரை நெடுகக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். என்ன அருமையான கம்பங்கள் தெரியுமா. ஆள் உயரத்துக்கு மேலே, நல்ல வைரம் பாய்ந்த மரம், அக்கரைப் பெருநிலத்திலிருந்து கப்பலில் வந்தது. அதைப் பார்த்து நாங்கள் வயிறெரிந்தது பாதி நிலத்துக்காக, பாதி மரத்துக்காக.

எங்கள் மேய்ச்சல் கமிட்டியின் எழுத்தர் ஃபின்லே. நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் தொடை நடுங்கும். ஸ்டோர்னோவே நகரத்து வக்கீல் அவரிடம், வழக்கு முடிகிற வரை ஒரு மாடுகூட ஓடையைத் தாண்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஆகவே மே பிறந்தும் மாடுகள் வீட்டு வாசலிலேயே முளைக்குச்சியில் கட்டிக் கிடந்தன. வைக்கோல் தீர்ந்துவிட்டது. மே முதல் வாரம் தாண்டியதும் மாடுகள் மேட்டுப் பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டு கத்த ஆரம்பித்தன. ஆளுக்கு ஒரு காலண்டர் வைத்திருந்த மாதிரி. இருபது மாடு இருபது நாள் கத்தினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதகர் பிரசங்கத்தை ஒரு மணி நேரத்தில் முடித்த ஒரே மாதம் அதுதான்.

மே கடைசி வாரம் நீதிமன்றம் வந்தது. பள்ளிக்கூடத்தில் விசாரணை. நீதிபதி எடின்பரோக்காரர். பக்கத்தில் எங்கள் மொழி தெரிந்த உறுப்பினர் ஒருவர், ஸ்கை தீவுக்காரர். கார்ஸ்வெல் வரைபடத்தை மேசையில் விரித்தார். ஓடைக்கு அப்பால் இருக்கிற குடிசைகள் எஸ்டேட் இடையர்கள் மழைக்கு ஒதுங்கக் கட்டியவை, கார்ஷேடர் மாடுகள் அங்கே போனதாக எந்தக் காகிதமும் கிடையாது என்றார். நீதிபதி ஃபின்லேயைப் பார்த்தார். ஃபின்லே எழுந்தார், தொப்பியைக் கையில் உருட்டினார், "எப்பவும் போறதுதாங்க" என்றார். காகிதம் உண்டா என்று கேட்டார்கள். "எப்பவும் போறதுக்கு எதுக்குங்க காகிதம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு சாட்சி உண்டா என்று நீதிபதி கேட்டபோது பின் பெஞ்சிலிருந்து கொர்மல் எழுந்தாள்.

"ஒரு சாட்சி இருக்குங்க. வெளியில கட்டிப் போட்டிருக்கு. கத்துறது கேக்குதா?"

ஸ்கைக்காரர் சிரிக்காமல் கேட்டார். "யாரும்மா அது?"

"என் மாடு. நாளைக்கு நீங்க நிலத்தைப் பார்க்க வர்றீங்கல்ல? அதை அவுத்து விடுறேன். அது எங்க போய் நிக்குதோ அதுதான் எங்க ஆரி. அது வரைபடம் பார்த்ததில்லை, வக்கீலையும் பார்த்ததில்லை."

பள்ளிக்கூடமே சிரித்தது. கார்ஸ்வெல் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்து சிரித்தார். நானும் சிரித்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நீதிபதி மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். மாட்டை ஓட்டுகிறவள் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாமே என்றார் கார்ஸ்வெல். அப்படியானால் மாட்டுக்கு முன்னால் யாரும் போகக் கூடாது, இந்த அம்மாள் நூறு அடி பின்னால் வர வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்றார் நீதிபதி. கொர்மல் வாயைத் திறக்காமல் ஆறு மைலா? அதற்கே வழக்கு தோற்றது என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஃபின்லே அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் சிவந்து கிடந்தது.

"எடின்பரோவிலேர்ந்து வந்தவங்க முன்னாடி ஊர் மானத்தை வாங்கிட்டியே கொர்மல். மாட்டை நம்பி வழக்கா?"

"உன்னை நம்பி இன்னைக்கு முழுக்க உக்காந்திருந்தோமே ஃபின்லே, என்ன கிடைச்சுது?"

நான் இடையில் புகுந்தேன். "மதினி, அதுக்குப் பதினாறு வயசு. வழியில புல்லைப் பார்த்து மேய நின்னுடுச்சுன்னா? இல்ல, திரும்பி வீட்டுக்கே வந்துடுச்சுன்னா? இருக்கிற ஆரியும் போயிடும்."

கொர்மல் அடுப்பில் கரிமண் கட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "போனா எனக்குத்தான் முதல்ல போகும், ஹாரிஸ்காரரே. ஆரி இல்லேன்னா அந்த மாட்டை நான் அடுத்த மாசம் கசாப்புக்காரன் கையில குடுக்கணும். எனக்கு பயமில்லேன்னு நினைச்சீங்களா?" அடுக்கிய கட்டியையே எடுத்துத் திரும்ப அடுக்கினாள். நிமிடத்துக்கு நாற்பது மீன் அறுத்த கை அது.

மறுநாள் காலையில் தூறல். கொர்மல் வழக்கம்போல முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு, அதில் பால் பானையும் ஓட்ஸ் ரொட்டியும் வைத்துக்கொண்டு வந்தாள். முளைக்குச்சியிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நூறு அடி பின்னால் போய் நின்றாள். ப்ளாராக் கத்தலை நிறுத்தியது. எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. வயலை மிதிக்காமல் வரப்போடு நடந்து, கரிமண் வெட்டும் குழிகளைச் சுற்றிக்கொண்டு, மேட்டைப் பார்க்கப் போக ஆரம்பித்தது. பின்னால் நீதிபதி, ஸ்கைக்காரர், நோட்டும் கையுமாக நீதிமன்ற எழுத்தர், பளபளவென்று புது பூட்ஸில் கார்ஸ்வெல், ஃபின்லே, நான். கார்ஸ்வெல் முழங்கால் வரை இரண்டு தடவை சேற்றில் இறங்கினார். மாடு போகிற வழியில் கால் வைத்திருந்தால் இறங்கியிருக்க மாட்டார்.

மூன்று மைல் போனதும் ஒரு தட்டைப் பாறை. அங்கே ப்ளாராக் நின்றது. நின்றது மட்டுமல்ல, காலை மடக்கிப் படுத்தே விட்டது. கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று. கார்ஸ்வெல் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "இதுதான் அவர்கள் ஆரியோ?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஃபின்லே தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கொர்மலைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் நூறு அடி பின்னால் கூடையை இறக்கி வைத்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. உலகமே முழுகிக்கொண்டிருக்கிறது, இவளுக்கு ரொட்டியா?

ஸ்கைக்காரர்தான் முதலில் கவனித்தார். மாட்டைப் பார்த்தார், கொர்மலைப் பார்த்தார், நீதிபதியின் காதில் ஏதோ சொன்னார். நீதிபதி பாறையில் உட்கார்ந்து பைப்பைப் பற்ற வைத்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பெண்கள் கூடையை இறக்கி ஓய்வெடுக்கிற பாறை அதுதான். பதினாறு வருடமாக அங்கே கூடை இறங்கும், மாடு படுக்கும். மரக்கட்டை சுமந்த நானே அங்கேதானே ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கினேன்? என் மண்டைக்கு வராத நினைவு மாட்டுக்கு வந்துவிட்டது. நீதிபதியின் புகையிலை பாதி எரியும்போது ப்ளாராக் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நடந்தது. கொர்மல் கூடையைத் தூக்கினாள்.

கருப்போடைக்கு வந்தோம். மாடு நேராகப் போய் கம்பி வேலியில் நெஞ்சைக் கொடுத்து நின்று ஒரு கத்து கத்தியது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையவில்லை. ஒரே இடம். மாடுதான் வேலியோடு நின்றுவிட்டதே, எல்லையும் இதுதான் என்று கார்ஸ்வெல் வாயெடுத்தார். நீதிபதி குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் குனிந்தோம். மாட்டின் காலடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு தடம் தேய்ந்து ஓடியது. எத்தனை மாட்டுக் குளம்பு, எத்தனை காலம் தேய்த்ததோ. அந்தத் தடம் வேலிக்கு அடியில் புகுந்து, ஓடையின் மிதி கற்களில் இறங்கி, அந்தக் கரையில் ஏறிப் பச்சைத் திட்டுகளுக்குப் போனது. கார்ஸ்வெல்லின் அழகான கம்பம் ஒன்று அந்தத் தடத்தின் நட்டநடுவில் நட்டிருந்தது.

"இந்த வேலி எப்போது போட்டது?" என்று நீதிபதி கேட்டார்.

"மார்ச்சில்" என்றார் கார்ஸ்வெல்.

"இந்தத் தடம்?"

கம்பியை அவிழ்க்கச் சொன்னார் நீதிபதி. அவிழ்த்தது ஃபின்லே. தொடை நடுங்குகிற ஃபின்லே, பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று கம்பத்தை வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

அந்த நேரத்தில்தான் பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினால், பத்தொன்பது மாடும் வரிசையாக அதே தடத்தில் வந்துகொண்டிருந்தன. முதல் மாடு ஃபின்லேயுடையது. பின்னால் ஊர்ப் பெண்கள் எல்லோரும், தலைத்துணி பறக்க, கூடையும் கையுமாக. என் கிர்ஸ்டி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"யாருடி அவுத்து விட்டது?" என்றேன்.

"தானா பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சுங்க, நாங்க பிடிக்கத்தான் வந்தோம்" என்றாள், பச்சைப்பிள்ளை மாதிரி. ஏப்ரன் பையில் நான்கு முளைக்குச்சி துருத்திக்கொண்டிருந்தது.

மாடுகள் ஓடையைத் தாண்டின. யாரும் ஓட்டவில்லை, யாரும் கூப்பிடவில்லை. திட்டு ஏறியதும் கூட்டம் பிரிந்தது. ஒவ்வொன்றும் தன் தன் வீட்டுக் குடிசை வாசலுக்குப் போய்க் கறவைக்கு நிற்கிற மாதிரி பக்கவாட்டில் நின்றது. இருபது குடிசை, இருபது மாடு. ப்ளாராக் கொர்மலின் குடிசைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, கூரை இல்லாததைக் கண்டு பெருமூச்சு விட்டது. நீதிபதி தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி துளியும் இல்லை.

"இனிமே பேசலாமாங்க?" என்று கொர்மல் கேட்டாள். பேசலாம் என்றார் ஸ்கைக்காரர். "அப்ப எல்லாரும் உக்காருங்க. பால் குடிச்சிட்டுப் போங்க."

அங்கேயே உட்கார்ந்து கறந்தாள். முதல் கோப்பை நீதிபதிக்கு. இரண்டாவது கார்ஸ்வெல்லுக்கு. அவர் வாங்கத் தயங்கினார். "குடிங்க துரை. சேத்துல விழுந்து எந்திரிச்சு வந்திருக்கீங்க, உடம்பு நடுங்குது பாருங்க" என்றாள். அவர் குடித்தார். யாரும் சொல்லாமலேயே நீதிமன்ற எழுத்தர் நோட்டை எடுத்துச் சாட்சியின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ப்ளாராக், பதினாறு. ஹாரிஸ்காரன் அழுதான் என்று ஊர் சொல்லட்டும், நான் அழுதேன்.

தீர்ப்பு ஜூலையில் தபாலில் வந்தது. ஃபின்லே பள்ளிக்கூட வாசலில் நின்று சத்தமாக வாசித்தார். ஓடைக்கு அப்பால் உள்ள மேய்ச்சலும் குடிசைகளும் கார்ஷேடருக்கே உரியவை, இன்றும் என்றும். ஊர்ப் பெரியவர்கள் தொப்பியை வீசினார்கள். கொர்மலுக்குச் சொல்ல வேண்டுமே என்று நான் ஆறு மைல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். அந்தத் தட்டைப் பாறையில்கூட உட்காரவில்லை.

அவள் குடிசைக்குள் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். "மதினி, ஜெயிச்சாச்சு" என்றேன், மூச்சு வாங்க. அவள் கடைவதை நிறுத்தவில்லை.

"உக்காருங்க. மோர் குடிங்க."

உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்த வருடம் கூரைக் கட்டை சுமக்க அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. மேலே புத்தம் புதுக் கூரை. புல்லும் மண்ணும் கச்சிதமாகத் தாங்கி, ஆள் உயரத்துக்கு மேலே நீளமாக, வைரம் பாய்ந்த மூன்று மரங்கள். ஒன்றில் கம்பி முறுக்கிய ஆணிகூட அப்படியே இருந்தது.

"மதினி, இது எஸ்டேட் வேலிக் கம்பமாச்சே. தீர்ப்பு இன்னைக்குத்தானே வந்துது. எப்ப எடுத்தீங்க?"

"அன்னைக்கு நீங்க எல்லாரும் திரும்பி நடந்தீங்கல்ல, அப்பவே" என்றாள் கொர்மல். "தீர்ப்பை ப்ளாராக் அன்னைக்கே சொல்லிட்டா. கடுதாசி வர்ற வரைக்கும் நான் மழையில நனையணுமா, உல்லியம்?"